மூன்றாம் ஓலை

ஸ்ரீவில்லிபுத்தூர்
25.06.2024

அக்கா,

‘அன்புள்ள’ என்று எழுதிப் பார்த்தேன். வரவில்லை. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதில் தொடங்குகிறேன்.

உன் போன் தனசிங் அத்தான் கையில்தான் இருக்கும். அதனால் உன் பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுதுகிறேன். தபாலை வாங்கி வைப்பது ஆயா வெள்ளைத்தாய் என்பது தெரியும். அவள் பிரித்துப் படித்துவிடக் கூடாது என்று உறையில் இரண்டு தடவை பசை தடவியிருக்கிறேன்.

இங்கிருந்து ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். ஆனால் அப்பாவை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் உன்னைப் பார்த்ததுதான் கடைசி. குடும்பத்தார் ஆளுக்கொரு பிடி மண் போடலாம் என்று போதகர் சொன்னபோது நான் ஓரடி முன்னால் வந்தேன். அத்தான் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார். நீ குனிந்து மண்ணை அள்ளிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்க்கவில்லையா, பார்க்காததுபோல் இருந்துவிட்டாயா என்று ஒன்றரை வருஷமாக யோசிக்கிறேன். அதைக் கேட்க இந்தக் கடிதம் இல்லை.

என்னைக் கட்டியிருந்த ஆசீருக்கு மறுபடியும் கல்யாணமாம். எங்கள் ஸ்கேன் சென்டருக்கு எக்ஸ்ரே எடுக்க வந்த சேத்தூர் அம்மா ஒருத்தி சொன்னாள். பெண் பெயர் கல்பனா. வயது இருபத்துமூன்று. அப்பா இல்லை, அம்மா பேண்டேஜ் துணி மடிக்கும் வேலைக்குப் போகிறாள். ஜூலை ஏழாம் தேதி தொடங்கி மூன்று ஞாயிறு நம் சபையில் கல்யாண ஓலை வாசிப்பார்கள். ‘இவர்கள் விவாகம் செய்யத் தடை ஏதும் தெரிந்தவர்கள் எழுந்து தெரிவிக்கலாம்’ என்று மூன்று தரமும் போதகர் கேட்பார். சின்ன வயதிலிருந்து எத்தனை ஓலை கேட்டிருப்போம். ஒருவரும் எழுந்து நான் பார்த்ததில்லை.

நீ எழுந்திருக்க வேண்டும் அக்கா. இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் எழுந்திருக்க முடியாது. சபைப் புத்தகத்தில் என் பெயரை அடித்துவிட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் தவக்காலத்தில், விண்ணப்பம் எழுதிப் போடும் ஜெபப் பெட்டியில் விழுந்த ஒரு சீட்டை எடுத்து, முந்நூறு பேருக்கு முன்னால் போதகர் வாசித்தார்: ‘ஜெபா ஆசீர், அந்நிய புருஷனின் பிடியிலிருந்து விடுபட.’ அன்றைக்கு ஆசீரின் வீட்டைவிட்டு வந்து நான் தனி அறையில் இருந்தேன். பாண்டிதுரையோடு பஸ் ஸ்டாண்டு கடையில் இரண்டு தடவை டீ குடித்திருந்தேன். அம்புட்டுத்தான். அந்தச் சீட்டை வைத்து கமிட்டி தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தைக் காட்டி ஆசீர் கோர்ட்டில் பிரிவு வாங்கினான். இப்போது சபை அவனைக் ‘குற்றமில்லாத தரப்பு’ என்கிறது. குற்றமில்லாதவன் மறுபடி கட்டலாமாம்.

டீக்கடையில் எங்களைப் பார்த்த ஒரே ஆள் வெள்ளைத்தாய். சீட்டுப் போட்டது அவள்தான். அன்றைக்கு ஆலய வாசலில் வைத்தே அவளைக் கேட்டேன், கேட்கக் கூடாத வார்த்தையில்தான் கேட்டேன். இப்போதும் வருத்தமில்லை.

2021 மார்ச்சில் என் இடது கை முறிந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவள் நீ. “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா டாக்டர்” என்று சொன்னவளும் நீ. எக்ஸ்ரே படிப்பு நான் கல்யாணத்துக்கு முன்பே முடித்தது. அவன்தான் வேலைக்கு விடவில்லை. படத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. விழுகிறவர்கள் உள்ளங்கையை ஊன்றுவார்கள், அநேகமாக மணிக்கட்டுப் பக்கம் முறியும். முகத்தை மறைக்கத் தூக்கிய கைமேல் அடி விழுந்தால் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு நட்டநடுவில் முறியும். எனக்கு நடுவில் முறிந்திருந்தது.

அந்தப் படம் உன்னிடம்தான் இருக்கிறது. அப்பா பார்த்துவிடக் கூடாது என்று வாங்கிக்கொண்டு போனாய். எடுத்து வை. ஓலை வாசிக்கும்போது எழுந்து நில்.

ஜெபா

*

ராஜபாளையம்
01.07.2024

கர்த்தருக்குள் பிரியமான என் தங்கை ஜெபாவுக்கு,

நானும் உன் அத்தானும் பிள்ளைகளும் தேவ கிருபையால் சுகமாக இருக்கிறோம். பெரியவள் பிளஸ் டூ. உன்னைப் போலவே கணக்கில் கெட்டி, வாயும் உன்னைப் போலத்தான்.

உன் கடிதம் கிடைத்து ஐந்து நாளாகிறது. ஒவ்வொரு நாளும் மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் பதில் எழுத உட்காருவேன். பிள்ளைகள் சத்தம் போடுவார்கள், எழுந்து போய்விடுவேன். வெள்ளைத்தாய் உறையைப் பிரிக்கவில்லை. முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்து தந்தாள். அவளைப் பற்றி அப்படி எழுதாதே.

ஆசீர் இப்போது பழைய ஆள் இல்லை என்கிறார்கள். ஈஸ்டருக்கு அடுத்த வாரம் சபை முன் எழுந்து, தான் மனம் மாறியதைச் சாட்சியாகச் சொன்னான். அழுதான். அவனுடைய அப்பா சபை மூப்பர், முன்னால் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதார். சபையில் அழாதவர்கள் இல்லை. ஒரு மனிதன் திருந்தி வந்தால் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றுதானே நாம் படித்திருக்கிறோம்?

நான் எழுந்து என்ன சொல்வது? அடித்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. முறிந்த பிறகு வந்தேன். டாக்டரிடம் நானே வேறு காரணம் சொல்லியிருக்கிறேன். ‘அன்றைக்குப் பொய்யா, இன்றைக்குப் பொய்யா’ என்று கேட்டால் என்ன பதில்? உன் அத்தான் சபைச் செயலாளர். ஓலையை எழுதிக் கொடுப்பதே அவர்தான். அவர் கையால் எழுதியதை அவர் மனைவி எழுந்து தடுத்தால், பொறவு அந்த வீட்டில் நான் எப்படி இருப்பது என்று யோசித்தாயா?

படம் என்னிடம் இல்லை. போன வருஷம் வெள்ளையடித்தபோது பழைய சாமான்களோடு போய்விட்டது.

உனக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.

செல்லக்கனி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
09.07.2024

அக்கா,

தயவுசெய்து எனக்காக ஜெபிக்காதே. சபையில் ஒருவர் எனக்காக ஜெபித்ததில்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறேன்.

ஆசீர் சாட்சியில் என்ன சொன்னான்? நான் விசாரித்தேன். ‘என் மனைவி வழிதப்பிப் போனபோது என் கோபத்தை அடக்கக் கர்த்தர் பெலன் தந்தார்’ என்று சொல்லியிருக்கிறான். என் கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் செவியில் இன்றைக்கும் இரைகிறதே, அதைப் பற்றி இல்லை. செய்ததைச் சொல்லாமல் அழுதவனுக்கு முந்நூறு பேர் கூடவே அழுதிருக்கிறீர்கள்.

நம் சபையில் பாவம் என்றால் அது பெண்பிள்ளையின் இடுப்புக்குக் கீழேதான் இருக்கிறது. ஆம்பளையின் கைக்குப் பாவமே ஒட்டாது. அதிலும் வீட்டைப் பார்த்துத்தான் ஒட்டும். உனக்கு ஞாபகம் இருக்கும். மில்லில் கழிவுப் பஞ்சு கூட்டும் தவமணி அக்காவின் மகன் குடித்தான். ‘தவமணி மகன் ராபின், குடிவெறியிலிருந்து விடுபட’ என்று பெயரோடு வாசித்தார்கள். அதே ஞாயிறு, அதே பெட்டி. ஒரு மூப்பரின் தம்பி குடித்துவிட்டு பைக்கில் போய் ஒரு கிழவரை இடித்துத் தள்ளியிருந்தார். அது எப்படி வந்தது? ‘ஒரு அன்பு சகோதரனின் சரீர சுகத்துக்காக.’ ராபின் மறு வாரமே சபையை விட்டான். அன்பு சகோதரன் கிறிஸ்துமஸுக்குத் தாத்தா வேஷம் போட்டார்.

முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. நீ எழவில்லை. சனிக்கிழமையே சேத்தூர் போய் அந்தப் பெண்ணின் வீட்டைக் கண்டுபிடித்தேன். பாண்டிதுரை பைக்கில் கொண்டுபோய்விட்டு, “நான் உள்ள வந்தா கதையே மாறிரும், நீ மட்டும் போ” என்று தெருமுனையில் நின்றுகொண்டார். கல்பனாவின் அம்மா நான் யார் என்று சொன்னதுமே எழுந்துவிட்டாள்.

“ஏம்மா, நீ வாழாம ஓடுனவ. எம்மவ வாழப் போற எடத்துல மண்ணள்ளிப் போடவா வந்த?”

“அவன் அடிப்பாம்மா. என் கையப் பாருங்க.”

“எந்த ஆம்பள அடிக்காம இருக்கான்? அவிய எம்புட்டுப் பெரிய குடும்பம். எங்கள மாதிரி ஒத்தப் பொம்பள வீட்டுல வந்து பொண்ணு கேட்டாவ. ஒரு பவுனு கேக்கல தெரியுமா?”

“ஏன் கேக்கலன்னு யோசிச்சீங்களா?”

அவள் வாசலை எட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “நீ சொல்லுதது நெசம்னா, அங்கதான் மூணு வாரம் ஓலை வாசிக்காவளே. உங்க சபையில ஒருத்தராச்சும் எந்திரிச்சுச் சொல்லட்டும். நான் பொண்ணக் கூட்டிட்டு வந்துருதேன்.”

கல்பனா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். ஒல்லி. தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து கொடுத்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள்.

அந்த அம்மா கேட்பது ஒரே ஒரு ஆளை. இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கிறது.

ஜெபா

*

ராஜபாளையம்
22.07.2024

ஜெபா,

நான் எழவில்லை.

இதை முதலில் எழுதிவிட்டால் மீதியை எழுத முடியும் என்று நினைத்தேன்.

இரண்டாம் ஞாயிறு எழுந்திருக்க எனக்குத் தைரியம் வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன். சனிக்கிழமை வீட்டில் மூத்தவளின் நோட்டிலிருந்து தாளைக் கிழித்து இடது கையால் எழுதினேன்: ‘ஆசீர் தன் முதல் மனைவி ஜெபாவை அடித்துக் கையை முறித்ததை மறைத்து மறுவிவாகம் செய்யாதபடி.’ காலையில் பெட்டியில் போட்டேன். ஓலை வாசித்து, பிரசங்கம் முடிந்து, போதகர் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். என் தாளின் நீலக் கோடு எனக்குத் தூரத்திலேயே தெரிந்தது. பிரித்தார். படித்தார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்: ‘புது வாழ்க்கையில் அடியெடுத்து வைக்கும் ஒரு அன்பு சகோதரனுக்காக.’ எல்லோரும் ஆமென் என்றார்கள். என் வாயும் சொல்லிவிட்டது, ஜெபா. பழக்கம்.

நேற்று மூன்றாம் ஓலை. அத்தான் வழக்கமாக முன்வரிசையில் ஆண்கள் பக்கம் உட்காருவார். நேற்று பின்னால் வந்து, பெண்கள் பக்கத்தை ஒட்டிய நடுப்பாதை ஓரத்தில் எனக்கு நேராக உட்கார்ந்தார். தாளைக் கிழித்த மூத்தவளின் நோட்டைப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை. ‘இது மூன்றாம் தரம்’ என்று போதகர் சொன்னதும் என் முழங்கால் தானாகப் பெஞ்சை விட்டு எழுந்தது. அத்தான் என் பக்கம் திரும்பாமலே மெதுவாகச் சொன்னார்: “மூத்தவளுக்கு நாளைக்கு இதே எடத்துலதான் ஓலை வாசிக்கணும். நெனச்சுக்க.”

உட்கார்ந்துவிட்டேன். மிரட்டும் குரலில் சொல்லவில்லை. பயந்த குரலில் சொன்னார். மிரட்டியிருந்தால் ஒருவேளை எழுந்திருப்பேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

2022 தவக்காலத்துச் சீட்டு வெள்ளைத்தாய் போட்டது இல்லை. நான் போட்டது.

பாண்டிதுரையைப் பற்றி நீதான் போனில் சொன்னாய். ‘அக்கா, ஒருத்தர் இருக்கார், மரியாதையாப் பேசுதார்’ என்றாய். சுந்தரபாண்டியம், டிராக்டர் மெக்கானிக், வேறு மதம் என்றாய். எனக்கு மூன்று நாள் தூக்கம் இல்லை. உன்னோடு சண்டை போடத் தெரியவில்லை, அத்தானிடம் சொல்லப் பயம், அப்பாவிடம் சொல்ல முடியாது. நமக்குக் கஷ்டம் வந்தால் சீட்டு எழுதிப் போடத்தானே பழகியிருக்கிறோம். பெயர் எழுதாவிட்டால் ஜெபம் சரியாகப் போய்ச் சேராது என்று ஒரு முட்டாள்தனமான எண்ணம். பெரிய வீட்டுச் சீட்டுகளில் பெயரை விட்டுவிட்டுத்தான் போதகர் வாசிப்பார். நான் செயலாளர் மனைவி. என் தங்கையின் பெயரையும் விட்டுவிடுவார் என்று நம்பினேன். உன் பெயர் காதில் விழுந்தபோதுதான், நாம் எந்த வீட்டில் பிறந்தோம் என்பது அவருக்கு மறக்கவில்லை என்று புரிந்தது. மில் கூலிக்காரன் மகள் மில் கூலிக்காரன் மகள்தான்.

ஆலய வாசலில் நீ வெள்ளைத்தாயைக் காறித் துப்பாத குறையாகத் திட்டினாய். நான் பத்தடி தூரத்தில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

கல்யாணம் ஆகஸ்ட் இருபத்தொன்பது.

அக்கா

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
08.08.2024

நேற்று தேர். ரோட்டை அடைத்துவிட்டதால் வேலை இல்லை. இரண்டு வாரமாகக் கைப்பையில் கிடக்கும் உன் கடிதத்தை மறுபடி படித்தேன்.

சாயங்காலம் பஸ் ஏறி ராஜபாளையம் வந்தேன். உன் வீட்டுக்கு இல்லை. வெள்ளைத்தாய் வீட்டுக்கு. இரண்டு வருஷமாக அவளைப் பற்றி யாரிடமெல்லாம் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன் என்று பஸ்ஸில் எண்ணிக்கொண்டே வந்தேன். ‘ஒரே ஆள்’ என்று எழுதினேன், டீக்கடையில் சபையார் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். அதில் கூட்டிப் பெருக்குகிறவள் அவள் ஒருத்திதான். அதனால்தான் அவள் என்று எனக்கு உடனே தோன்றியிருக்கிறது. நானும் அந்த சபையில் வளர்ந்தவள்தானே.

அவள் வீட்டு நடையில் உட்கார்ந்து மீன் உரசிக்கொண்டிருந்தாள். “தப்புப் பண்ணிட்டேன்” என்றேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“ஆராதன முடிஞ்சு கூட்டும்போது அந்தச் சீட்டு என் கையில கெடச்சுச்சு. அது யாரு எழுத்துன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் பாப்பா. உங்கக்கா எழுதுத பலகைய தெனம் தொடைக்கவ நாந்தானே” என்றாள்.

“பொறவு ஏன் சொல்லல?”

“சொன்னா மட்டும் நம்பிருவியாக்கும்? போ, கவிச்சி அடிக்கும், சேலைய ஒதுக்கி நில்லு.”

இனி எனக்கு எழுதாதே.

ஜெபா

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
22.01.2025

அக்கா,

எழுதாதே என்று சொன்னவள் நானே எழுதுகிறேன். இது உனக்காக இல்லை.

நேற்று பதினோரு மணிக்கு ஒரு அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். சீட்டில் ‘கல்பனா, 24, இடது முன்கை’ என்று இருந்தது. பெயரைப் பார்த்தபோது ஒன்றும் தோன்றவில்லை. தினம் இரண்டு கல்பனா வருகிறார்கள். நான் மிஷினைச் சரிசெய்துகொண்டே வழக்கம்போல் “எப்படி அடிபட்டுச்சு?” என்று கேட்டேன்.

“பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா” என்றாள் அம்மா.

திரும்பினேன். சேத்தூர் வீட்டில் பார்த்த அதே அம்மா. பொங்கலுக்கு வந்த பெண்ணின் கையைப் பார்த்திருக்கிறாள். ராஜபாளையத்தில் காட்டினால் சபை ஆள் யாராவது பார்ப்பார்கள் என்று இத்தனை தூரம் கூட்டி வந்திருக்கிறாள். நீ அன்றைக்குச் செய்ததேதான்.

அம்மாவை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினேன். கல்பனாவின் கையைத் தட்டில் வைத்தேன். வீங்கிப் பளபளவென்று இருந்தது. படம் திரையில் வந்தது. சுண்டுவிரல் பக்கத்து எலும்பு. நட்டநடுவில்.

அக்கா, பத்து வருஷத்துக்கு முன் பாடத்தில் படித்தேன், பிறகு என் கையில் பார்த்தேன். இங்கே எத்தனையோ பார்க்கிறேன். யாருடைய கை என்று தெரிந்து பார்த்தது இதுதான் முதல் தடவை.

“அவன்தானே?” என்றேன்.

திரையில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“நீங்க வீட்டுக்கு வந்துட்டுப் போன பொறவு எனக்கு ஒரே பயமா இருந்துச்சுக்கா. மூணு வாரமும் நான் அம்மாகூட வந்து பின்னால உக்காந்துருந்தேன். தடை இருக்கான்னு கேக்கும்போதெல்லாம் கண்ண மூடிக்கிட்டு, யாராச்சும் எந்திரிங்க, யாராச்சும் எந்திரிங்கன்னு வேண்டுனேன். ஒருத்தரும் எந்திரிக்கல. அப்ப நீங்க சொன்னது பொய்யாத்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்.”

நீ கல்யாணத்தில் வைத்து அவளைப் பார்த்திருப்பாய். அதற்கு முன் மூன்று ஞாயிறு உனக்குப் பின்னால் எங்கேயோ உட்கார்ந்திருந்திருக்கிறாள். உன் முழங்கால் எழுந்ததே, அதைக்கூட அவள் பார்த்திருக்கலாம்.

போலீஸுக்குப் போகலாமா என்று ஒரு தடவை கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். பக்கத்து எலும்பு டாக்டரிடம் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினோம். கட்டுப் பிரிக்க ஆறு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறது.

உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. நீ தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஜெபா

*

ராஜபாளையம்
17.02.2025

ஜெபாவுக்கு,

படம் வீட்டில்தான் இருந்தது. பீரோவின் கீழ்த் தட்டில் விரித்த பேப்பருக்கு அடியில். போன வருஷம் இல்லை என்று எழுதியதும் பொய். அதன்மேல்தான் நாலு வருஷமாகப் பட்டுச் சேலைகளை அடுக்கி வைத்திருந்தேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் லீவு போட்டேன். சேத்தூர் போனேன். கல்பனாவின் அம்மா உள்ளே விடவில்லை. வாசலில் நின்றபடி படத்தை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். “இது என் தங்கச்சி கை. வழுக்கி விழுந்தான்னு நாந்தான் சொன்னேன். பொய் சொன்னேன். மூணு வாரம் எந்திரிக்காம உக்காந்திருந்தவளும் நாந்தான்” என்றேன். பக்கத்து வீட்டுக்காரிகள் வந்துவிட்டார்கள். அந்த அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். தரையில் உட்கார்ந்துவிட்டாள். கல்பனா செருப்பைப் போட்டுக்கொண்டு தானாக வெளியே வந்தாள்.

மூவரும் மகளிர் காவல் நிலையம் போனோம். அவள் புகார் எழுதிக் கொடுத்தாள். நான் என் வாக்குமூலத்தை நானே எழுதினேன். 2021இல் நடந்தது, டாக்டரிடம் நான் சொன்ன பொய், தவக்காலத்துச் சீட்டு, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படத்தையும் கொடுத்துவிட்டேன். ரசீது வைத்திருக்கிறேன், உனக்குத் தருவேன்.

அன்று சாயங்காலம் அத்தான் சோறு சாப்பிடவில்லை. “சபைக்குள்ள பேசித் தீக்க வேண்டியத ஏன் தெருவுக்குக் கொண்டுபோன?” என்றார். “சபைக்குள்ள மூணு தரம் கேட்டாவ. நீங்கதான் உக்காரச் சொன்னிய” என்றேன். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவருக்கு நான் சொன்ன முதல் பதில் என்று நினைக்கிறேன். மூத்தவள் அறைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அவர் என்னோடு பேசுவதில்லை. அவள் பேசுகிறாள்.

இனி எழுதுவது உனக்கு வலிக்கும். பத்து நாளில் ஆசீரின் அப்பாவும் இரண்டு மூப்பர்களும் போதகரும் சேத்தூர் போனார்கள். ஜெபித்தார்கள். அவர்கள் அந்த அம்மாவின் காலில் விழாத குறை. கல்பனா புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய்விட்டாள். என் வாக்குமூலம் மட்டும் ஃபைலில் கிடக்கிறது.

நேற்று ஆராதனைக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று நீ சொல்வாய். எனக்கு வேறு இடம் தெரியாது. பிரசங்கம் முடிந்து போதகர் சீட்டுகளை எடுத்தார். ‘ஒரு இளம் குடும்பத்தின் சமாதானத்துக்காக’ என்று ஒன்று வாசித்தார். அடுத்த சீட்டு: ‘செல்லக்கனி தனசிங், ஆசிரியை, கலகத்தின் ஆவியிலிருந்து விடுபட.’ பெயரோடு என் வேலையைக்கூட விடாமல் வாசித்தார். முந்நூறு பேருக்குள் உன் பெயர் விழுந்தபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று மூன்று வருஷம் கழித்து நேற்றுத்தான் தெரிந்தது. முதலில் காது சூடாகிறது. பிறகு கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

எழுந்து நின்றேன் ஜெபா. நேற்று யாரும் தடை இருக்கிறதா என்று கேட்கவில்லை. கேட்காத இடத்தில் எழுந்து நின்றால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆமென் சொல்லும்வரை சும்மா நின்றேன். அடுத்த ஞாயிறும் நிற்பேன் என்றுதான் நினைக்கிறேன். கடைசி வரிசையில் வெள்ளைத்தாய் சத்தமாக இருமினாள். சிரிப்பை அடக்கினாளா என்று தெரியவில்லை.

கல்பனா இரண்டாம் வரிசையில் மாமியாரோடு உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்து மாவுக்கட்டின்மேல் போட்டுக்கொண்டாள்.

மார்ச் முதல் வாரம் கட்டுப் பிரிக்க வருவாள். பிரிக்கும் முன் ஒரு படம் எடுப்பீர்கள் அல்லவா? அப்போது உள்ளே நீயும் அவளும் மட்டும்தான் இருப்பீர்கள். வேண்டாம் என்று அன்றைக்குத் தலையாட்டினாள் என்று எழுதியிருந்தாய். நீ ஒரு தடவைதான் கேட்டாய்.

மறுபடியும் கேள். சபையில்கூட மூன்று தரம் கேட்கிறார்கள்.

அக்கா